கடற்கரையில் படுத்துப் பாடுகிறவர்கள்

காலநிலை மாற்றத்தை மேடையில் பாட முடியுமா என்று கேட்டால், முடியும் என்று உடனே சொல்லிவிடலாம். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நியூயார்க்கிலும் வெனிஸிலும் எண்ணூரிலும் பாடிக் காட்டியிருக்கிறார்கள். பேச்சும் கட்டுரையும் தராத எதைப் பாட்டு தந்தது என்று அடுத்துக் கேட்கும்போதுதான் பல படைப்புகள் தடுமாறுகின்றன. நோக்கம் நல்லது என்பதற்காக இத்தகைய படைப்புகளுக்குச் சலுகை காட்டும் பழக்கம் விமர்சகர்களிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிர் போகிற விஷயத்தைப் பாட வந்தவர்களிடம் கூடுதலாகத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

பொருளே நாடகத்துக்கு ஒத்துவராத பொருள். நாடகம் ஒரு கணத்தைத் தேடும்: கத்தி உயரும் கணம், உண்மை வெளிப்படும் கணம். கரியமில வாயுவுக்கு அப்படி ஒரு கணம் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கொதிகலனில் எரிந்த நிலக்கரியின் புகையில் ஒரு பங்கு இன்னும் காற்றில் இருக்கிறது. எரித்தவர் செத்துப் போனார். வெள்ளத்தில் வீடு இழக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. இவர்களை எந்தக் காட்சியில் நேருக்கு நேர் நிறுத்துவது?

நியூயார்க்கின் ‘தி சிவிலியன்ஸ்’ குழு இதற்கு ஆய்வு வழியாக விடை தேடியது. நேர்காணல் எடுத்து, களத்துக்குப் போய், கிடைத்ததை நாடகமாக்குவது அவர்களுடைய முறை. ‘தி கிரேட் இம்மென்சிட்டி’ என்ற இசை நாடகத்துக்காகப் பனாமாவில் காட்டுயிர் ஆய்வு நடக்கும் பரோ கொலராடோ தீவுக்கும், துருவக் கரடிகளுக்குப் பேர்போன கனடாவின் சர்ச்சில் நகரத்துக்கும் போனார்கள். எழுதி இயக்கியவர் ஸ்டீவ் காஸன், பாடல்கள் மைக்கேல் ஃப்ரீட்மன். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏறத்தாழ 7 லட்சம் டாலர் நல்கை தந்தது. 2012இல் கன்சாஸ் சிட்டியிலும் 2014இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரிலும் மேடையேறியது. அரசுப் பணத்தில் பிரச்சாரமா என்று குடியரசுக் கட்சியினர் நாடாளுமன்றம் வரை சண்டைக்கு வந்தார்கள்.

அந்தச் சண்டையில் நான் நாடகத்தின் பக்கம். ஆனால் அது நாடகமாக வெல்லவில்லை. காணாமல் போன ஒருவரைத் தேடி ஒரு பெண் வெப்பக் காட்டிலிருந்து பனிப் பிரதேசத்துக்குப் போகிறாள். வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரும் அவளுக்கு ஏதேனும் ஒன்றை விளக்குகிறார்கள். விளக்கம் முடிந்ததும் பாட்டு. பாட்டு முடிந்ததும் அடுத்த விளக்கம். தகவலை இறக்கி வைக்கும் பாட்டில் மெட்டு ஒரு பக்கம் நிற்கிறது, பொருள் வேறொரு பக்கம் நிற்கிறது. அதே வரிகளைத் துண்டறிக்கையாகக் கையில் கொடுத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

ஒரே ஒரு பாட்டு விதிவிலக்கு. 1914 செப்டம்பரில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்ற புறா செத்தது. ஒரு காலத்தில் வட அமெரிக்க வானத்தைக் கோடிக்கணக்கில் மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தில் அதுதான் கடைசி. ஃப்ரீட்மன் அதற்கு ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு எதையும் விளக்குவதில்லை. கூண்டில் தனியாக இருக்கும் ஒரு பறவை, அவ்வளவுதான். கோடி என்ற எண்ணைக் கேட்டு அழ யாராலும் முடியாது, ஒன்று என்ற எண்ணுக்கு முடியும். 2017இல் நாற்பத்தொரு வயதில் ஃப்ரீட்மன் இறந்துவிட்டார். நாடகம் முழுவதையும் மார்த்தாவின் கூண்டுக்குள்ளிருந்தே எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

காலநிலை என்ற சொல்லைத் தலையில் தூக்கிக்கொள்ளாத ஒரு நாடகம் இதைவிட ஆழமாகப் போனது. மார்க் ஹோல்மனும் கிரெக் கோட்டிஸும் உருவாக்கிய ‘யூரின்டவுன்’ 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த சில நாள்களில், பிராட்வேக்கு வந்தது. இருபது ஆண்டுப் பஞ்சத்தில் வறண்ட ஒரு நகரம். வீட்டுக் கழிப்பறைக்குத் தடை. காசு கொடுத்துத்தான் சிறுநீர் கழிக்க வேண்டும். கழிப்பறைகள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். இளைஞன் ஒருவன் கிளர்ச்சியைத் தொடங்குகிறான், கொல்லப்படுகிறான். அவன் காதலி, அந்த நிறுவன முதலாளியின் மகள், தலைமை ஏற்று வெல்கிறாள். கழிப்பறைகள் இலவசமாகின்றன. பிறகு தண்ணீர் தீர்ந்துபோகிறது. எல்லோரும் சாகிறார்கள்.

பிராட்வே இசை நாடகம் தன் ரசிகருக்குச் சொல்லாமல் கொடுக்கும் வாக்குறுதி ஒன்று உண்டு. கூட்டம் ஒரே குரலில் பாடத் தொடங்கிவிட்டால் நியாயம் ஜெயித்துவிடும் என்பதே அது. ‘யூரின்டவுன்’ அந்த வாக்குறுதியைக் கடைசி அங்கம்வரை முழுமையாக அனுபவிக்க விடுகிறது. தேவாலயப் பாட்டின் துள்ளலோடு கூட்டம் விடுதலையைப் பாடும்போது நம் காலும் தாளம் போடுகிறது. பிறகு நிலத்தடி நீருக்கு இந்தப் பாட்டு கேட்காது என்கிறது நாடகம். சேர்ந்து பாடுவதும் பிழைத்துக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை ஓர் இசை நாடகமே சொல்லத் துணிந்தது. 2002இல் கதைக்கும் இசைக்கும் டோனி விருது பெற்றது அதற்குத் தகும்.

ஆனாலும் அதன் முடிவை அப்படியே ஏற்க முடியாது. மக்கள் பெருகினால் உணவு போதாது என்று எச்சரித்த மால்தஸை வாழ்த்திக் கத்தும் கூச்சலோடு திரை விழுகிறது. முதலாளி கொடுமைக்காரன்தான், ஆனால் அவன் கொடுமைதான் தண்ணீரை மிச்சப்படுத்தி வைத்தது என்றாகிறது. கிண்டலாகவே சொன்னாலும், இதன் அடியில் கிடப்பது ஒரு பழைய பொய்: ஏழைகள் நிறையப் பேர், அவர்கள் நிறையச் செலவழிக்கிறார்கள், அதனால் பூமி தாங்காது. நடந்தது இதற்கு நேர்மாறு. 1990 முதல் 2015 வரை வெளியான கரியமில வாயுவில் பாதிக்கு மேல், 52 சதவீதம், உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தாரின் கணக்கில் வருகிறது. ஏழைகளான பாதி மக்கள்தொகையின் பங்கு வெறும் 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் 2020இல் கணக்கிட்டது. கழிப்பறை வரிசையில் நிற்பவர்கள் தண்ணீரைத் தீர்க்கவில்லை. அந்த இடத்தில் நாடகம் தன் கூர்மையைத் தவறான ஆள்மீது திருப்புகிறது.

அனெய்ஸ் மிட்செலின் ‘ஹேடிஸ்டவுன்’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2019இல் எட்டு டோனி விருதுகளை வாங்கிய படைப்பு அது. பாதாள அரசன் ஹேடிஸ் அதில் சுரங்க முதலாளி. அவன் மனைவி பெர்செஃபனி பூமிக்கு நேரத்தில் வராததால் பருவங்கள் குலைந்து பஞ்சம் வருகிறது. பசியால் நாயகி யூரிடிசி ஹேடிஸிடம் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறாள். பஞ்சத்திலிருந்து கொத்தடிமைத்தனம்வரை இழுக்கும் இந்தக் கோடு அருமை. இசையும் அருமை. ஆனால் பருவம் சீராவதற்கு அது கண்டுபிடிக்கும் வழி, முதலாளியின் மனத்தைப் பாட்டால் இளக வைப்பது. பாட்டுக்காரர்கள் நம்ப விரும்பும் கதை. நிலக்கரிச் சுரங்கங்கள் யாருடைய தாம்பத்திய வருத்தத்தாலும் திறக்கப்படவில்லை; அது தீர்ந்தாலும் மூடப்படப் போவதில்லை.

இனி ‘சன் அண்ட் ஸீ’. லிதுவேனியாவின் மூன்று பெண்கள் செய்த ஓப்பெரா: இயக்கம் ருகிலே பர்ஜுகைட்டே, வரிகள் வைவா க்ரைனிட்டே, இசை லீனா லாபெலிட்டே. 2019 வெனிஸ் பினாலேயில் சிறந்த நாட்டரங்குக்கான தங்கச் சிங்கம் அதற்குக் கிடைத்தது. கடற்படைக் கட்டடம் ஒன்றின் தரைமுழுவதும் மணல் கொட்டிச் செயற்கைக் கடற்கரை அமைத்தார்கள். பார்வையாளர்கள் மேல்மாடத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும். கீழே துண்டு விரித்து, நீச்சல் உடையில், மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்திருக்கிறார்கள் பாடகர்கள். அவர்களுக்கு நடுவே குழந்தைகள், நாய்கள், பந்து விளையாடுபவர்கள். ஒருமணி நேரப் பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், வெளியேறலாம்.

இங்கே யாரும் காலநிலையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. வெயில்படாமல் இருக்க முதுகில் களிம்பு தடவச் சொல்லி ஒருத்தி பாடுகிறாள். நாய்க் கழிவையும் பியர் சிந்திய துண்டையும் பற்றி இன்னொருத்தி புலம்புகிறாள். வசதியான ஒரு தாய், தன் சின்னப் பையன் எத்தனை கடல்களில் நீந்திவிட்டான் என்று பெருமையாக அடுக்குகிறாள். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டும் பட்டியலில் உண்டு. வேலையே கதி என்றிருக்கும் ஒருவனுக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. பவளம் அழிந்துபோகும் என்று கேட்டு அழுத இரட்டைச் சகோதரிகள், முப்பரிமாண அச்சுப்பொறியில் எல்லாவற்றையும் திரும்பச் செய்துகொள்ளலாம் என்று தேறுகிறார்கள்.

இசை சுகமானது. மெல்லிய மின்னணு ஒலிமேல் தாலாட்டுச் சாயலில் மெட்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தச் சுகம்தான் இந்தப் படைப்பின் வாதம். ஆசைக்குக் குரல் கொடுப்பதில் பாட்டை மிஞ்சிய கலை எதுவும் கிடையாது. எல்லாக் காதல் பாட்டும் சினிமாப் பாட்டும் அதற்குச் சாட்சி. பூமியைச் சூடாக்குவதும் பெரும்பாலும் ஆசையே: இன்னொரு விமானப் பயணம், இன்னொரு கடல், நடுக்கோடையில் இன்னும் கொஞ்சம் குளிர். எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ‘கிரேட் இம்மென்சிட்டி’ குற்றத்தை விளக்கிப் பாடியது. இவர்கள் குற்றத்தின் இனிமையைப் பாட விடுகிறார்கள். கேட்கிறவருக்கும் அது இனிக்கிறது. இனித்த பிறகு தப்பிக்க இடமில்லை.

கணம் இல்லாத பொருளை மேடையேற்றும் சிக்கலும் இங்கே அவிழ்கிறது. தொடக்கமும் முடிவும் இல்லாமல் சுழலும் வடிவம் இந்தப் பொருளின் உண்மையான வடிவம். ஒரே செயல் தினந்தோறும், கோடிப் பேரால், தீங்கு என்று தோன்றாமலே திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. பாட்டின் பல்லவியும் அப்படித் திரும்பி வருவதுதான். படுத்துக்கொண்டு பாடுவதால் யார் வாய் அசைகிறது என்று உடனே தெரிவதில்லை. மேலே நிற்பவர் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. பொறுப்பு யாருடையது என்று தேடும் வேலையை உடம்பே செய்யத் தொடங்குகிறது. 2019 நவம்பரில் வெனிஸில் 187 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெள்ளம் ஏறியது, 1966க்குப் பிறகு அதுவே மிக அதிகம். அந்த ஊரில், விமானம் ஏறி வந்த கலை ரசிகர்களுக்கு முன், இது பாடப்பட்டது என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

குறையும் பெரிது. அந்தக் கடற்கரைக்கு வெளியே உலகமே இல்லை. மணலைக் கூட்டுகிறவர் இல்லை, கடல் உயர்ந்தால் வீடு போகிறவர் இல்லை, எண்ணெய் விற்றவரும் இல்லை. இதே மூவர் இதற்கு முன் பல்பொருள் அங்காடியின் காசாளர் பெண்களை வைத்து ஒரு ஓப்பெரா செய்தவர்கள். உழைப்பவரின் குரல் அவர்களுக்குத் தெரியாததல்ல. இங்கே அதை வேண்டுமென்றே வெளியே நிறுத்தினார்கள். அதனால் பார்த்தவருக்குக் கிடைப்பது குற்ற உணர்வு மட்டும். கேள்வி கேட்க வேண்டிய முகவரி எதுவும் கிடைப்பதில்லை.

முகவரி எழுதிய பாட்டு நம்மிடம் இருக்கிறது. 2017இல் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகியின் வரிகள், ஆர்.கே. ஸ்ரீராம்குமாரின் மெட்டு, டி.எம். கிருஷ்ணாவின் குரல்; எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நிலத்திலேயே படமாக்கினார்கள். கர்நாடக ராகமாலிகையில், கச்சேரி மேடைக்கு வராத சென்னைப் பேச்சுத் தமிழ் ஒலித்தது. நீர் வடிய வேண்டிய பொதுநிலத்தில் கட்டடம் ஏறினால் மழை என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட ஊருக்கு அது பாடிக் காட்டியது. கழிமுகத்தை அடைக்கும் சாம்பலும் உலகைச் சூடாக்கும் புகையும் ஒரே நிலக்கரியிலிருந்து வருபவை. இந்தப் பாட்டில் உள்ளூரும் உலகும் பிரிவதில்லை. ஆனால் இதை நாடகம் என்று சொல்ல முடியாது. இதில் எதிர்க்குரல் கிடையாது. அந்த மின்சாரத்தில் விசிறி சுழல உட்கார்ந்து இதைக் கேட்டுப் பாராட்டும் என்னைப் போன்றவரின் ஆசை பாட்டுக்குள் வரவில்லை. எண்ணூர் மீனவருக்காகப் பாடிய பாட்டு, மயிலாப்பூர்க் குளிரறையை ஒரு அடிகூட அசைக்காமல் விட்டது.

என் தீர்ப்பு இது. இந்தப் பொருளில் இதுவரை வந்தவற்றில் ‘சன் அண்ட் ஸீ’ முதலிடத்துக்குத் தகும். பாட்டால் மட்டுமே செய்யக்கூடியதை அது ஒன்றுதான் முழுமையாகச் செய்தது. வெற்றிப் பாட்டின் பொய்யை உடைத்ததற்காக ‘யூரின்டவுன்’ அடுத்து நிற்கும், மால்தஸ் கூச்சலை அதன் கணக்கில் கழித்த பிறகும். ‘ஹேடிஸ்டவுன்’ நல்ல இசை, பலவீனமான நோய்க்கணிப்பு. ‘கிரேட் இம்மென்சிட்டி’யில் மார்த்தா மட்டும் மிஞ்சுவாள். புறம்போக்குப் பாடலை இந்த வரிசையில் வைக்கமாட்டேன்; அது ஒரு காட்சிதான், நாடகம் அல்ல. ஆனால் லிதுவேனியப் பெண்களின் கடற்கரையில் இல்லாத காட்சி அது. மேல்மாடத்திலிருந்து பார்க்கும்போது சுகமாகப் பாடுகிறவரும், அதே மணலில் வலை காயவைக்க இடமில்லாதவரும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும்; இருவர் மெட்டும் ஒன்றோடொன்று மோத வேண்டும். அதை யாரும் இன்னும் எழுதவில்லை. எழுத வருகிறவர் புள்ளிவிவரத்தை ஒத்திகை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வரட்டும். மின் நிலையத்தின் பெயரை மட்டும் கையோடு எடுத்து வரட்டும்.