கொடுவாவும் காற்றழுத்தமும்

முட்டுக்காடு, கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று ராடு எடுத்துக்கொண்டு போகிற இளைஞர்கள் பலர், தூண்டில் வீசுமுன் கைப்பேசியில் காற்றழுத்தம் பார்க்கிறார்கள். அழுத்தம் இறங்கினால் மீன் கடிக்கும், ஏறிவிட்டால் வாயே திறக்காது என்பது அவர்கள் நம்பும் விதி. அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடமிருந்து வந்த விதி அது. நம் கரையின் கொடுவா மீனுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்?

பிறந்த இடத்தில் அந்த விதிக்கு அர்த்தம் உண்டு. அங்கே குளிர்காற்று நெருங்கும்போது ஓரிரு நாளில் அழுத்தம் 20 மில்லிபார்கூடச் சரியும். கூடவே மப்பு போடும், காற்று எழும்பும், வெளிச்சம் மங்கும். பதுங்கியிருந்து பாயும் மீனுக்கு இதெல்லாம் வசதி. பிறகு வானம் வெளுத்துத் தண்ணீர் குளிர்ந்தால் மீன் ஒடுங்கிவிடும்.

செங்கல்பட்டுக் கரையில் நிலைமை வேறு. வானிலை துளியும் மாறாத நாளில்கூட இங்கே அழுத்தம் காலை 10 மணிவாக்கில் உச்சிக்குப் போகும். மாலை 4 மணிக்கு இறங்கும். இரவு 10 மணிக்கு ஏறி, விடியற்காலை 4 மணிக்கு மறுபடி இறங்கும். வெப்ப மண்டலத்தில் அன்றாடம் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம் 3, 4 மில்லிபார். செயலி இதையும் ‘இறங்குகிறது’ என்றே காட்டும். அதை நம்பினால், சித்திரை மாதத்து உச்சிவெயில்தான் தினமும் மீன் கடிக்கும் நேரம். அந்த வெயிலில் கழியோரம் நின்றவர்கள் யாரும் இதை ஒப்பமாட்டார்கள்.

கணக்கும் கைகொடுக்கவில்லை. ஒரு மில்லிபார் என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் கனம். கொடுவாவின் காற்றுப்பைக்கு அழுத்தம் உறைக்கும்தான். ஆனால் மீன் நாலு விரற்கடை மேலே வந்தாலே அன்றைய மொத்த மாற்றத்தையும் கடந்துவிடும். முழங்கால் உயர அலை ஒன்று தலைக்குமேல் போனால் அதைப்போல் பத்து மடங்கு.

கொடுவாவை ஆட்டிவைப்பது தண்ணீர். கழிமுகத்து உப்புநீரில் முட்டையிடும், குஞ்சுகள் கழிக்குள் ஏறும், ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன் அது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் இந்தியாவிலேயே முதன்முறையாக அதைத் தொட்டியில் முட்டையிட வைத்தது முட்டுக்காட்டில்தான். ஐப்பசி மழையில் மணல்திட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் செம்மண் கலங்கல், மறுபக்கம் பச்சைக் கடல்நீர், நடுவே நுரை கட்டிய கோடு. வத்தத்தில், அதாவது நீர் வடியும்போது, மடவையும் இறாலும் அந்தக் கோட்டுக்கு இழுத்து வரப்படும். பாலத்தூணின் நிழலில் நிற்கும் கொடுவா அங்கேதான் வாய் பிளக்கும். மழைக்கு முன்னால் அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால் பெயர் அதற்குப் போய்விடுகிறது. வேலை பார்த்தவை வத்தமும் கலங்கலும்.

செயலி நல்ல நாள் என்று சொன்னால்தான் கிளம்புவேன் என்பவரிடம், கெட்ட நாளில் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கே இராது. அந்த நம்பிக்கை சோதனைக்கு வராமலே கெட்டிப்பட்டுவிடுகிறது. குப்பத்துப் பெரியவர்கள் முதலில் கேட்பது காற்றின் திசை வாடையா கச்சானா, வெள்ளத்தின் (நீரோட்டத்தின்) திசை வன்னியா தெந்தியா, தண்ணீர் கலங்கலா தெளிவா என்பதை. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் மீன்வளப் பகுதிகளைக் கணித்துச் சொல்வதும் கடல்நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத்தான்.

அதற்காகக் காற்றழுத்தமானியைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸும் கரை கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். வெப்ப மண்டலக் கடலோடிகளுக்குப் பழைய விதி ஒன்று உண்டு: அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அழுத்தம் வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால் புயலைச் சந்தேகிக்க வேண்டும், 5 குறைந்தால் சந்தேகமே வேண்டாம். ராடுக்காரர்கள் நிற்கும் பாறையும் முகத்துவார மணல்திட்டும் அலை முதலில் வந்து அடிக்கும் இடங்கள். மீன் படம் போட்டு மதிப்பெண் தரும் செயலிகள், நேற்று இதே மணிக்கு அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதைப் பக்கத்திலேயே காட்டினால், ஐப்பசி கார்த்திகையில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எப்போது வீடு திரும்புவது என்பதாவது தெரியும்.