கல்லில் எவ்வளவு ஆளைச் செதுக்கலாம்?

பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி கோயிலைப் பற்றிப் பேசினால் சிவகாமிப் பரதேசி அம்மையாரின் பேச்சும் கூடவே வரும். கோயிலுக்கு வேண்டிய கல் உத்திரங்களை மலைமேல் ஏற்றியவர் அவர் என்பது ஊரில் வழங்கும் கதை. அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. அப்படியொரு பெரும்பணி வாய்க்காத நம்மைப் போன்றவர்களுக்கு, 'இவர் இப்படி வாழ்ந்தார்' என்று சொல்லும் வேலை ஒரு நினைவுக் கல்லின் தலையில் விழுகிறது. அந்த வேலையைக் கல் எவ்வளவு தூரம் செய்யும்?

நம் நடுகல் மரபு இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கற்களில் உருவம் இல்லை. சில சொற்களே உண்டு. ஒரு கல் ஆநிரை கவரும் ஆகோள் பூசலைச் சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்து, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் நட்ட கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. எருமைகளுக்காகப் போரிட்டு மாண்டவன் அவன். கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுத்து சொல்கிறது. 'மாவீரன்' என்று பத்து முறை பொறித்திருந்தாலும் இவ்வளவு தெரிந்திருக்காது. அந்த மனிதன் தன் நாயோடு எப்படி வாழ்ந்திருப்பான் என்பதை ஒரே செய்தி காட்டிவிடுகிறது.

குறையும் அந்த மரபிலேயே இருக்கிறது. ஏராளமான நடுகற்களில் வில், வாள், ஓங்கிய கை எல்லாம் ஒரே வார்ப்பு. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மாறியது தெரியாது. சண்டையில் செத்தவனுக்குக் கல் கிடைத்தது. நாற்பது ஆண்டு உழுதவனுக்கும் பிள்ளை வளர்த்தவளுக்கும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. இன்றைய கறுப்புக் கிரானைட் கல்லறைக் கல் அந்தப் பாகுபாட்டை உடைத்தது. இட்லிக்கடை நடத்திய அம்மாவுக்கும் முகம் பொறித்த கல் கிடைக்கிறது. ஆனால் வார்ப்பு போகவில்லை. அதே ரோஜா, அதே விரித்த புத்தகம், கீழே பட்டமும் பதவியும் வாரிசுகளின் பெயர்வரிசையும். வைத்தவர்கள் யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. போனவர் யார் என்பது தெரிவதில்லை.

கல்லில் காட்டும் குணத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விக்கு இராமேசுவரம் பேக்கரும்பு நல்ல பாடம். 2017 ஜூலை 27இல் திறந்த அப்துல் கலாம் நினைவிடத்தில் வீணை வாசிக்கும் சிலையும் அருகே பகவத் கீதையும் இருந்தன. அவர் வீணை வாசித்தவர், கீதை படித்தவர் என்பது உண்மைதான். இருந்தும் எதிர்ப்பு எழுந்தது. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் வைத்ததும் மறுபுறத்திலிருந்து இன்னொரு எதிர்ப்பு வந்தது. உண்மையான பழக்கமே ஆனாலும், பலவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து நிறுத்தும்போது அது வாதமாகிவிடுகிறது. மெரினாவில் அண்ணா சமாதிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. எதையும் தாங்கும் இதயம் என்று அங்கே பொறித்திருப்பது அவர் வாயிலிருந்தே வந்த சொல். இன்னொருவர் சூட்டிய புகழ் அல்ல.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் அடக்கத்தலங்களான மையவாடிகளில் தலைமாட்டில் நடும் மீசான் கல், ஆளைக் கல்லில் காட்டும் இந்த ஆசைக்கே நேர் எதிரான நிலையில் நிற்கிறது. கபுறை, அதாவது அடக்கக் குழியை, அலங்கரிப்பதை மார்க்கம் விரும்புவதில்லை; செல்வரும் ஏழையும் மண்ணில் ஒன்று என்பதே அங்கே செய்தி. ஆளைக் காட்டாத கல் அன்பில்லாத கல் என்று சொல்ல முடியாது. நினைவு தொழுகையிலும் தருமத்திலும் நடக்கிறது.

இடத்தின் கணக்கும் உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நெருக்கடியால் பழைய குடும்பக் குழிகளையே திறந்து அடுத்தவரை அடக்கம் செய்கிறார்கள். தவில் வாசித்த ஓர் அப்பாவுக்குப் பொறித்த தவில் உருவம் முழுக் கல்லையும் பிடித்துக்கொண்டால் அம்மாவின் பெயருக்கு எங்கே இடம்?

ஆகவே குணத்தைக் கல்லில் சொல்வது நல்ல வழக்கம்தான். ஒன்றைச் சொல்லி நிறுத்தும் வரை. கல் வைக்க அவசரப்பட வேண்டாம், மண் அமரட்டும். வீட்டாரை மட்டும் கேட்காமல் கூட வேலை பார்த்தவரையும் பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு செயலையோ, அவரே அடிக்கடி சொன்ன ஒரு சொல்லையோ பொறியுங்கள். மீதிக் கல்லை வெறுமையாக விடுங்கள். அடுத்த பெயருக்கு அது தேவைப்படும்.