வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய கார் கண்காட்சிக்குப் போகிறவர்களில் பலர் முன்பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கிரில்லின் பளபளப்பு, ஹெட்லைட்டின் உருண்டை, பானெட்டில் தெரியும் தங்கள் முகம், பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். குரோமியப் பூச்சைக் காசு கொடுத்தால் யாரும் போட்டுத் தருவார்கள். பெயிண்டும் அப்படியே. சொந்தக்காரர் வண்டியைக் காப்பாற்றி வைத்திருக்கிறாரா, ஜோடித்து மட்டும் வைத்திருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் பின்பக்கம் போய்க் குனிய வேண்டும். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் அங்கேதான் தொங்குகிறது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் செய்த வேலை அதில் இருக்கிறது. ரசிக்க வேண்டியது அதைத்தான்.

இந்த ரசனையைப் பழகிக்கொள்ள பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கம் வசதியான இடம். சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகும் சாலையிலும், அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் எல்லை வரையிலும் டிங்கர் பட்டறைகள் இருக்கின்றன. அதே தாலுகாவில்தான் பொம்மசந்திராவும் ஜிகணியும். தகட்டை லேசரில் வெட்டி, மடித்து, டிக் வெல்டிங் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் அங்கே நிறைய. ஒழுகும் டேங்குக்கு உலகத்தில் இரண்டே தீர்வு: ஒட்டுப் போடுவது, இல்லையென்றால் புதிதாகச் செய்வது. இரண்டையும் செய்யும் கைகள் இங்கே சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கின்றன. பட்டறைக்குள் நுழையும்போது ‘அண்ணா’ என்று கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவர் தமிழரா கன்னடரா தெலுங்கரா என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதலில், டேங்க் ஏன் ஓட்டையாகிறது? வெளியே மழையில் நனைந்து துருப்பிடிக்கிறது என்றுதான் நினைப்போம். கடலோர ஊர்களில் அது ஓரளவு உண்மை. ஆனால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டு நிலத்தில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து கிளம்புகிறது. அம்பாசிடர் டேங்க் 54 லிட்டர் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்குப் பத்து லிட்டருக்கு மேல் யார் போடுகிறார்கள்? மிச்சம் 44 லிட்டருக்குக் காற்று. பகல் வெயிலில் அந்தக் காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிரில் ஈரத்தோடு புதுக் காற்று உள்ளே வரும். ஈரம் தகட்டில் முத்து முத்தாகப் படிந்து கீழே வழியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பெட்ரோல் இருப்பதால் தகடு பத்திரம் என்று சொந்தக்காரர் நம்பிக்கொண்டிருப்பார்; அதே பெட்ரோலுக்கு அடியில் தகடு அரித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அது மாதிரி இரும்புத் தகட்டின் மேல் காரீயமும் வெள்ளீயமும் கலந்த ஒரு பூச்சைக் கொடுத்துத்தான் டேங்க் செய்தார்கள். மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். ஐம்பது வருட டேங்கின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கும்போது அந்தச் சாம்பல் இன்னும் தெரிந்தால் சொந்தக்காரரை மனதுக்குள் வாழ்த்துங்கள். செங்காவி நிறம் தெரிந்தால் கதை வேறு. (தீக்குச்சியையோ லைட்டரையோ அல்ல, டார்ச்சை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

அந்தப் பூச்சுக்கு இப்போது புதிதாக ஒரு சோதனை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று தொடங்கியது. தொடக்க விழா நடந்ததே பெங்களூரில்தான், துமகூரு சாலைக் கண்காட்சி மையத்தில். எத்தனாலுக்குத் தண்ணீரோடு உறவு அதிகம். கொஞ்சம் ஈரம் என்றால் தன்னோடு கலந்து என்ஜினுக்குக் கொண்டுபோய் எரித்துவிடும். அந்த மட்டில் நல்லதே. அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரும் எத்தனாலுமாக அடியில் தங்கும். வெறும் தண்ணீரைவிட அந்தக் கலவை பழைய ஈயப் பூச்சுக்குக் கெடுதல். பழைய ரப்பர் ஹோஸையும் ஊற வைத்து இளக்கிவிடும். வருடக்கணக்காகப் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டரில் கொண்டுவந்து கொட்டும். அதனால் பழைய வண்டியைப் பார்க்கும்போது ஹோஸ் புதிதா, பழையதா என்றும் ஒரு கண் வையுங்கள். புது ஹோஸ் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

இனி கீழே படுக்கலாம். லீக் என்றால் சொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டை என்றால் கசிந்த பெட்ரோல் தரையைத் தொடுவதற்குள் பறந்துவிடும். அதன் சாயமும் பிசினும் மட்டும் தகட்டில் தங்கும். டேங்கின் அடியில் எங்கும் தூசி அப்பியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் தூசி கழுவப்பட்டு, ஓரத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தால் ஓட்டை அங்கே. இரண்டு பாதித் தகடுகளும் சேரும் விளிம்பு, டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ஈரம் தங்கும் இடம், டிரெயின் நட்டைச் சுற்றிய வட்டம் — பழைய டேங்க் தோற்றுப்போவது இங்கெல்லாம்தான். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த இடம் ‘டொக்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். சிலருக்குக் கோபம் வரும்.

கறை இருந்த இடத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஏதாவது அப்பியிருந்தால் சிரிக்க வேண்டாம். அது குளியல் சோப்பு. பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதை நெடுஞ்சாலை டிரைவர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஓட்டையில் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் அடுத்த ஊர்ப் பட்டறை வரை வண்டி போய்விடும். அதைவிட மலிவான, அதைவிடப் புத்திசாலித்தனமான ரிப்பேர் எனக்குத் தெரிந்து கிடையாது. அது அன்றைக்கு மட்டும் என்பதும் அந்த டிரைவருக்குத் தெரியும். எம்-சீல் அப்பிவிட்டு மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து ‘சரியாகிவிட்டது’ என்று விற்கிறவரிடம் இல்லாத நேர்மை அந்தச் சோப்பில் இருக்கிறது.

பட்டறையில் ஒட்டுப் போடுவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அரை நாள் ஒதுக்குங்கள், தள்ளி நின்று பாருங்கள். தள்ளி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வடித்துவிட்டு அப்படியே வைத்த டேங்கில் அந்தக் கலவை உருவாக அதிக நேரம் ஆகாது. அதனால் தொழில் தெரிந்தவரை அவர் வெல்டிங் செய்வதை வைத்து மதிப்பிடாதீர்கள், கழுவுவதை வைத்து மதிப்பிடுங்கள். சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவார், திரும்ப ஊற்றுவார். உள்ளே உதிரும் துருவை எடுக்கச் சிலர் நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்குவார்கள். கெட்டிக்காரர் ஒரு துண்டுச் சங்கிலியைப் போடுவார். நட்டு, பெட்ரோல் அலைமோதாமல் இருக்க டேங்குக்குள் வைத்த தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்; சங்கிலியை நுனி பிடித்து இழுத்துவிடலாம். கடைசியில், ஒட்டுப் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிவிடுவார். ஆவிக்கு இடம் மிகக் குறைந்துவிடும். இதையெல்லாம் செய்யாமல் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கிற பட்டறையாக இருந்தால், ரசனை போதும் என்று கிளம்பிவிடுங்கள்.

பிறகுதான் ஈயம். செம்புத் தலை வைத்த கனமான சால்டரிங் அயர்னை டேங்குக்குத் தள்ளி, வெளியே அடுப்பில் வைத்துச் சூடேற்றி எடுத்து வருவார். டேங்குப் பக்கம் தீ வராது. ஒட்டுக்கான ஈயக் கலவை சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். பித்தளை ஒட்டு என்றால் ஏறக்குறைய 900 டிகிரிச் சூடு வேண்டும், அதில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். அதனால்தான் டேங்குக்கு ஈய ஒட்டே மேல் என்பது என் கட்சி. கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது ஒட்டுத் துண்டின் வடிவம். ஓட்டை எள்ளளவு இருந்தாலும், சுற்றிலும் மெலிந்துபோன தகட்டைத் தாண்டி நல்ல தகடு தொடங்கும் இடம் வரைக்கும் துண்டு பெரிதாக இருக்க வேண்டும். மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூர் மூலை வண்டியின் அதிர்வில் முதலில் பெயரும். டேங்கின் பரப்பில் தகடு வெள்ளையாகும் வரை தேய்த்து, ஆசிட் தடவி, தனியாக ஒரு பூச்சு ஈயம். துண்டின் அடியிலும் ஒரு பூச்சு. பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து மேலே அயர்னை நகர்த்திக்கொண்டே போவார். நடுவே இருக்கும் ஈயம் உருகி, மயிரிழை இடைவெளியில் தானே ஊர்ந்து, துண்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு எங்கும் அறாமல், எங்கும் தடிக்காமல் ஒரு சுற்று வந்தால் வேலை முடிந்தது. கட்டி கட்டியாக ஈயம் நின்றால் சூடு போதவில்லை என்று அர்த்தம். பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆறு மாதத்தில் விடும். சோதிக்கும்போது கம்ப்ரசர் காற்றை நேரே விடக் கூடாது, டேங்க் உப்பிவிடும். சைக்கிள் பம்ப்பால் கொஞ்சமாகக் காற்றடித்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

டேங்க் எல்லா வண்டியிலும் பின்னால்தான் இருக்கும் என்றில்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு சுவை. ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலும் அது முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையாலேயே என்ஜினுக்கு இறங்க வேண்டும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் என்ஜின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், வண்டி நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மலை ஏறினார்கள். அதற்கடுத்து வந்த மாடல் ஏ-யில் டேங்கை முன்கண்ணாடிக்கு முன்னாலேயே, உடம்போடு உடம்பாக வைத்துவிட்டார்கள். பழைய வில்லிஸ், மஹிந்திரா ஜீப்பில் டிரைவர் உட்காருவதே டேங்கின் மேல்தான். அது அமர்ந்திருக்கும் குழியில் மழைத்தண்ணீரும் சேறும் தங்கும் என்பதால் அங்கே துரு வெளியிலிருந்து வரும். ஜீப்பைப் பார்க்கப் போனால் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டின் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. டிரையம்ஃபின் தொடக்க கால வண்டிகளில் டேங்க் டிக்கிக்குள்ளே ஓரமாக இருக்கும், மேலே ஒரு சின்னக் கைப்பிடி. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால் இறங்கிப் போய் அதைத் திருப்ப வேண்டும்; உள்ளே இருக்கும் குழாய் இன்னும் கீழே இறங்கி ரிசர்வை உறிஞ்சும். பைக்கில் மட்டும்தான் ரிசர்வ் என்று நினைத்திருப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஒட்டுப் போட முடியாத கட்டம் ஒன்று உண்டு. ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் அடித்தகடு உள்ளே போகிறது என்றால் ஒட்டுக்கு மேல் ஒட்டு போடுவது வீண். ஈயம் ஓட்டையை அடைக்கும், தகட்டுக்குப் பலம் தராது. உள்ளே ரசாயனப் பூச்சு ஊற்றிக் குலுக்கிக் காய வைப்பது சுலபமான வழியாகத் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. துருவின் மேலேயே பூசினால் ஒருநாள் தோல் தோலாக உரிந்து குழாயின் வாயை அடைக்கும், பிறகு எடுக்கவும் முடியாது. அந்த நிலையில் பொம்மசந்திரா பக்கம் போய்ப் புதிதாகச் செய்துகொள்வதே மேல். டேங்க் மாற்றியதால் வண்டியின் பெருமை குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் வந்த மத்திய விதிகள் பார்ப்பது சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கிறார்களா என்பதைத்தான்.

புது டேங்கிலும் ரசிக்க உண்டு. வெல்டிங் அழகு யாருக்கும் கண்ணில் படும். நீங்கள் டேங்கைக் கையில் தூக்கி, பாதி தண்ணீர் ஊற்றி, சட்டென்று சாய்த்துப் பாருங்கள். ஒரே அலையாகத் தண்ணீர் மோதினால் உள்ளே தடுப்புத் தகடு வைக்க மறந்துவிட்டார்கள். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி என்ஜின் திணறும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாமல் சற்று உயரத்தில் நிற்கிறதா, அடியில் டிரெயின் நட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குழாய்க்கும் அடித்தகட்டுக்கும் நடுவே விட்ட அந்தச் சின்ன இடைவெளியில்தான் தண்ணீர் தங்கும். நட்டு இருந்தால் அதைத் திறந்துவிடலாம். பழைய டேங்கைப் பார்த்து அச்சாகச் செய்தவர்கள்கூட இந்த நட்டை வேண்டாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள்.

புது டேங்க் போட்டவரிடம் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேளுங்கள். பெங்களூர் சிவாஜிநகரின் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் மூலையில் கிடந்தால் அதைக் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். மேலே ஈரக் காற்று பட்ட பகுதியில் மெல்லிய செங்காவித் துரு. நடுவே பெட்ரோல் ஏறி இறங்கிய பட்டையில் தகடு பெரும்பாலும் புதுசு மாதிரி. அடியில், தண்ணீர் நின்ற அளவுக்கு மட்டும், கறுத்துக் குழி குழியாக அரித்த தகடு. வண்டி எத்தனை வருடம் ஓடாமல் நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்பதுகூட அந்தக் கறுப்பின் ஓரத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். வெட்டுவதற்கு முன்னால் அதையும் சோடா போட்டுக் கழுவிவிட வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த டேங்கிலும் துருவுக்கு அடியில் பெட்ரோல் பிசின் இருக்கும். கட்டிங் வீல் பட்டுச் சூடேறினால் அது மறுபடி ஆவியாகும்.