இரு கரை, ஒரு பந்து

1544ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் இன்றைய குமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் முக்குவ மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அவர் அனுப்பிய குரு ஒருவர் மன்னாரில் அதையே செய்தார். அங்கே திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை வெட்டிச் சாய்த்தது. ஒரே காலத்தில் ஒரே ஆளின் முயற்சியால் விதைக்கப்பட்ட நம்பிக்கை இது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின் இன்னொரு ஒற்றுமையையும் இரு கரைகளிலும் காணலாம்: கோவிலை ஒட்டி மணல் பரந்த ஒரு மைதானம், சாயங்காலமானால் அதில் உருளும் பந்து.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று குமரியின் மேற்குக் கரையில் எந்த ஊரில் இறங்கினாலும் கால்பந்து இருக்கும். பாக் நீரிணைக்கு அப்பால் பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், மன்னார் பள்ளிமுனை சென். லூசியஸ் என்று கழகங்களே புனிதர்களின் பெயரில் நடக்கின்றன. திருவிழாவை ஒட்டிச் சுற்றுப்போட்டி வைப்பதும், பங்குத்தந்தை வந்து தொடங்கிவைப்பதும், விசிலுக்கு முன் வட்டமாக நின்று சிலுவை போட்டுக்கொள்வதும் இரு பக்கமும் வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்கு. கடலையும் மரணத்தையும் அன்றாடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் மக்கள் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் இடம் இது என்று நான் சொல்வேன். அந்தப் பாரத்தை இரு கரையும் இறக்கும் விதம் வேறு வேறு.

தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஒருமுறை போனால் கரை திரும்ப வாரங்கள் ஆகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடச் சொல்லி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட கடலுக்கு மகனை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே இங்கே கால்பந்து ஒரு வெளியேறும் வழி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு ரயில்வே வேலை, ஒரு போலீஸ் வேலை, அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய அணி. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் அந்த வழியில் இந்திய சூப்பர் லீக் வரை போனவர்கள். ஆனால் வழி திறந்ததும் அதுவே புதிய சுமையாகிறது. ஒரு பையனின் முழங்காலில் ஒரு குடும்பத்தின் கடன், தங்கையின் கல்யாணம் எல்லாம் ஏறி உட்காருகின்றன. சூசைராஜுக்கே 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்தில் காயம் பட்டு, அந்தப் பருவம் முழுக்க ஆட முடியாமல் போனது. அணித் தேர்வில் தவறிய பையன் கேட்பது ஒரே கேள்வி: இவ்வளவு ஜெபித்தும் ஏன்?

இந்தக் கேள்விக்குப் பவுலடியார் நல்ல துணை. கொரிந்து நகரத்தின் பக்கத்தில்தான் இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது ஓட்டத்தையும் குத்துச்சண்டையையும்தான் உதாரணமாக எடுத்தார். வாடிப்போகும் இலைக் கிரீடத்துக்கே ஓட்டக்காரர்கள் அத்தனை கட்டுப்பாட்டோடு உடலைப் பழக்குகிறார்கள் என்று அவர் வியக்கிறார். அவர் பார்வை பரிசை விடப் பயிற்சியின் மேல்தான் அதிகம் நிற்கிறது. ஜெபம் கோல் போட்டுத் தராது. அதிகாலையில் எழும் ஒழுங்கை, தோற்ற மறுநாளும் மைதானத்துக்கு வரும் துணிவை அது தரும். குமரிக் கரையில் பயிற்சியாளரும் பங்குத்தந்தையும் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கைக் கரையில் சுமை வேறு விதம். போர்க்காலத்தில் கடலுக்கே தடை இருந்தது. 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணமே வெளியேறி நடந்தது. வீடு, படகு, வலை எல்லாம் போனவர்களிடம் மிஞ்சியவற்றில் ஊர்ப்பெயரும் புனிதரின் பெயரும் உண்டு. கழகத்தின் பெயரில் அவை இரண்டும் இருந்தன. அதனால் அங்கே உதைபந்தாட்டம் ஊரைச் சேர்த்துக் கட்டும் காரியமானது. ஒருவன் கோல் தவறவிட்டால் ஊரே வருந்தும், ஊரே தேற்றும். துக்கம் பதினொரு பேருக்கும், கோட்டுக்கு வெளியே நிற்கிற நூறு பேருக்கும் பங்காகிவிடும். கோபமும் அப்படியே பங்காகும் என்பதுதான் அதன் ஆபத்து. ஊர்மானம் என்ற பெயரில் கைகலப்பில் முடிந்த ஆட்டங்களை யாழ்ப்பாணத்தவர் நன்றாக அறிவார்கள். முன்னால் வட்டமாக நின்று ஜெபித்தவர்கள் முடிவில் எதிரணியின் கையைப் பிடிக்க மறுத்தால், அந்த ஜெபம் பாதியில் நின்றுபோனது என்றே கொள்ள வேண்டும். மன்னிப்பைப் பழக மைதானத்தை விடப் பொருத்தமான இடம் ஒரு பங்கில் இல்லை.

என் கணிப்பு இது: வறுமையின் அழுத்தத்தைக் குமரிக் கரை நன்றாகக் கையாள்கிறது, இழப்பின் அழுத்தத்தை ஈழக் கரை நன்றாகக் கையாள்கிறது. குமரிப் பையன் தன் பாரத்தைத் தனியே தூக்குகிறான். அவனுக்கு யாழ்ப்பாணத்துத் தோள்கள் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பையனுக்கோ ஊர் எல்லைக்கு வெளியே போகும் பாதை வேண்டும்.

இரண்டு கரைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்து உள்ளுக்குள் நொறுங்குகிறவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கோவிலின் உட்புறமும் செபமாலையும் கிடைக்கின்றன. மைதானம் பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருக்கிறது. இதில் இலங்கைக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது: தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய அளவில் கிண்ணம் வென்று காட்டியிருக்கிறார்கள். பங்குத்தந்தையரே, பங்குப் பேரவையினரே, அடுத்த திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாரத்தில் இரண்டு மாலைகளாவது அந்த மைதானத்தை உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.