பொறிக்குக் கண் இல்லை

எலிப்பொறியில் விரல் மாட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்த விஷயம் சட்டென்று புரியும்.

நியூஸிலாந்தின் கிவி பறக்காது. ராத்திரியில் தரையில் நடந்து, அலகின் நுனியில் இருக்கும் மூக்கால் மோப்பம் பிடித்துப் புழு தேடும். அதற்கு வந்தது வினை. ஐரோப்பியர்கள் ரோமத்துக்காக 1837ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் என்ற மரமேறும் பிராணியைக் கொண்டுவந்தார்கள். முயலை ஒழிக்க 1880களில் கீரி போன்ற ஸ்டோட்டை இறக்கினார்கள். அது முயலோடு நிறுத்தவில்லை. கிவிக் குஞ்சுகளையும் தின்றது.

விளைவு, காடெல்லாம் பொறிகள். பொறியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டோட்டை விட்டுவைத்தால் குஞ்சு தப்பிப்பது அபூர்வம். ஆனால், பாஸமுக்காகத் தரையில் வைத்த கால்பொறியில் கிவியின் காலோ அலகோ மாட்டினால்? பறக்க முடியாத பறவைக்குக் காலும் போனால் மிச்சம் என்ன?

தீர்வு ரொம்ப சுலபம். பாஸம் மரம் ஏறும், கிவி ஏறாது. எனவே கிவி உலவும் அரசுக் காடுகளில் கால்பொறியைத் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் வை என்று விதி செய்தார்கள். அவ்வளவுதான்!

எல்லாப் பறவையும் கிவி போல சாது இல்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்து 1948ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட டகாஹே பறவையைக் காக்க, மர்ச்சிஸன் மலைகளில் ஸ்டோட் பொறிப்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கேயா என்ற மலைக்கிளி, இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் குச்சியை விட்டுக் குடைந்திருக்கிறது என்கிறது 2018ல் வந்த ஆய்வு. 'டப்' என்ற சத்தம் பிடித்துப்போயிற்றோ என்னவோ! கேயாவும் அருகிவரும் இனம்தான். ஒரு பறவையைக் காக்கும் பெட்டி இன்னொன்றுக்கு விளையாட்டுச் சாமான்.

பொறிக்காரர்கள் பாஷையில் இப்படிச் சிக்குகிறவற்றுக்குப் பெயர் 'இலக்கல்லாதவை'. எனக்கு ஆட்சேபணை இந்த வார்த்தையில்தான். குறி வைக்கவில்லை என்பதால் கால் முறியாமலா இருக்கிறது? எத்தனை ஸ்டோட் செத்தது என்று எழுதும் அதே நோட்டில், எத்தனை பறவை அடிபட்டது என்பதையும் எழுத வேண்டும். எழுதினால்தான் அடுத்த 70 சென்டிமீட்டர் யாருக்காவது தோன்றும்.

நம் சமையலறையில் எலிக்கு வைத்த பசை அட்டையில் பல்லி ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை அட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், அந்த வழியாக வேறு யார் யார் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.