ஓர் இலட்சம் சான்றிதழ் போதுமா?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட ‘இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம்’ பாராட்டத்தக்க ஆவணமே. குளிர்சாதனம் பழுதுபார்க்கும் தொழிலாளரை அது மறக்கவில்லை. 2022-23க்குள் ஓர் இலட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமா? செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரம் கடற்கரையில் நின்று பார்ப்போம்.

விடுதிகளின் வெளிப்புறக் கண்டென்சர் பலவற்றில் செப்புக் குழாயின்மேல் அலுமினியத் தகடுகள் செருகப்பட்டிருக்கும். கடற்காற்றின் உப்பு ஈரம் படிந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போலாகின்றன. அலுமினியம் அரித்து மாவாக உதிர்கிறது. வெப்பம் வெளியேறாமல் கம்பிரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. குழாயிலும் கசிவு கண்டால் வாயு போய்விடும்.

அப்போது, “வாயுவை நிரப்பினால் போதும், அறையில் ஆள் இருக்கிறார்கள்” என்பார் விடுதிக்காரர். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் காற்றில்தான் கலக்கும். பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 வாயு ஓசோனை அழிப்பது. அதில் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

கசிவைத் தேடும் நேரத்திற்குக் கூலியும், வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரமும் இல்லையேல் கற்ற பயிற்சி கைக்கு வராது. சான்றிதழ்களை எண்ணுவதைவிட, காற்றில் கலக்காமல் காத்த வாயுவை நிறுத்துப் பார்ப்பதே இத்திட்டத்திற்குச் சரியான உரைகல்.