மரத்துக்கு வழக்கு, மண்ணுக்குப் பட்டா

கேட் கிரென்வில்லின் 'சர்ச்சிங் ஃபார் த சீக்ரெட் ரிவர்' (2006) நூலைக் குடும்ப வரலாறு என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவருடைய மூதாதை சாலமன் வைஸ்மன் தேம்ஸ் நதிப் படகுத் தொழிலாளி. மரம் திருடியதற்காக 1805இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது; அது நாடுகடத்தலாகக் குறைந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவின் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலவுடைமையாளரானார். மரத் திருட்டுக்கு விசாரணைப் பதிவு இருக்கிறது. தாருக் மக்களின் மண்ணை எடுத்துக்கொண்டதற்கோ அரசு பட்டா கொடுத்தது.

மனைவி ஜேனும் உடன் வந்தவர். மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்றது அன்றைய ஆங்கிலச் சட்டம். நிலப் பதிவேட்டில் அவரைத் தேடிப் பயனில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தன் நாவலில் சால் என்ற மனைவியைப் படைக்கிறார் கிரென்வில். பூர்வகுடிகளின் மனத்துக்குள் மட்டும் புகுவதில்லை என்று முடிவெடுக்கிறார். நேர்மையான முடிவுதான். ஆனாலும், குடியேறிய பெண்ணுக்குக் கற்பனையிலாவது மனம் கிடைத்தது. அதே கரையில் கிழங்கு தோண்டிய தாருக் பெண் வெளியிலிருந்து பார்க்கப்படுபவராகவே நிற்கிறார்.

ஆவணங்களில் பெண் இல்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். எந்தப் பெண் என்றும் இனி கேட்க வேண்டும்.